தொட்ட காய்

டூபாண்ட் வட்டத்துப் பூங்காவின் செஸ் மேசைகளில் குரோவர் எதிரே உட்கார எவரும் கொஞ்சம் தயங்குவார்கள். ஆட்டத்துக்குப் பயந்தல்ல, அவன் வாய்க்குப் பயந்து. பஸ் ஓட்டி முடித்த கையோடு நேரே அங்கே வந்துவிடுவான். கறுப்புக் காய் கிடைத்தால் போதும், முதல் நகர்த்தலிலேயே ஒரு சிப்பாயைச் சும்மா தூக்கிக் கொடுப்பான். நிதானமாக ஆடுகிறவன் அதைத் தின்று ஏப்பம் விட்டுவிடுவான். ஆளுக்கு மூன்று நிமிஷ ஆட்டத்தில் நிதானம் ஏது?

"இது ஆட்டமாய்யா? முடிச்சவிக்கி வேலை" என்பாள் பக்கத்து மேசை ஓடெசா. குரோவருக்கு அது பாராட்டாகவே கேட்கும்.

அந்த வேலை பலிக்காத ஒரே ஆள் லெமுவேல். முடிவெட்டும் கடை வைத்திருந்தவர். சிப்பாயைத் தின்றுவிட்டு, "வேற என்னடா இருக்கு சாப்பிட?" என்று கேட்டபடியே தோற்கடிப்பார். குளிர்காலத்தில் அவருக்குப் பக்கவாதம் வந்தது. ஏப்ரலில் ஒருநாள் கைத்தடி ஊன்றி வந்து குரோவர் எதிரே உட்கார்ந்தார்.

"கடிகாரத்த வை."

"மெதுவா ஆடலாமேண்ணே."

"ஏன், பயமா?"

வைத்தான். அவருக்கு வெள்ளை. பழக்க தோஷம், சிப்பாயை நீட்டிவிட்டான். "சாப்பிடுண்ணே, ஆஸ்பத்திரிச் சோறு மாதிரி இருக்காது!" சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

அவர் தின்றார். குரோவரின் ராணி உள்ளே பாய்ந்தது. அந்த இடத்தில் வெள்ளை குதிரையைக் கிளப்பினால் குரோவரின் பாச்சா பலிக்காது. லெமுவேலின் கை குதிரைக்குத்தான் போனது. நடுங்கிய விரல் வழியிலிருந்த பிஷப்பில் பட்டது.

"தொட்டாச்சு! தொட்டத ஆடணும்!"

கத்தியது தானேதான் என்று குரோவருக்குச் சற்றுப் பிந்தித்தான் உறைத்தது.

"விடுய்யா, கை தெரியாம பட்டுடுச்சு" என்றாள் ஓடெசா.

சரிண்ணே, குதிரையவே எடு என்று சொல்ல ஒரு நொடி போதும். ஆனால் இத்தனை வருஷத்தில் அவரை இந்த ஆட்டத்தில் அவன் ஒருமுறைகூட ஜெயித்ததில்லை. வாயாடி அன்று வாயைத் திறக்கவில்லை. லெமுவேல் பிஷப்பை நகர்த்தினார். அடுத்த மூன்றாவது நகர்த்தலில் செக்மேட்.

யாரும் கைதட்டவில்லை. லெமுவேல் இடக்கையால் வலக்கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "ஜெயிச்சுட்டடா" என்றார். குரோவருக்கு முகம் எரிந்தது.

"இன்னொண்ணு ஆடலாம்ணே" என்று கெஞ்சினான். இந்தத் தடவை பேச்சில்லை, தந்திரமில்லை. நடு ஆட்டத்தில் தன் குதிரையை வெட்டுக்கு விட்டுவைத்தான். லெமுவேல் கடிகாரத்தை நிறுத்தினார்.

"குதிரைய ஏன்டா விட்ட?"

"பாக்கலண்ணே."

"பஸ் ஓட்டுற கண்ணுக்குக் குதிர தெரியலயா? முன்ன ஏமாத்தின, அதாச்சும் ஆட்டம். இப்ப பிச்சை போடுற."

கைத்தடியைத் தேடி எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மறுவாரம் முதல் அவர் ஓடெசாவின் மேசையில் உட்கார்ந்தார். குரோவர் பக்கம் திரும்பவில்லை. குரோவர் வேறு ஆட்களோடு ஆடினான். அந்தச் சிப்பாயைக் கொடுக்கவே கை கூசியது. ஒருநாள் தாளமாட்டாமல் எழுந்து போய் அவர் முன் நின்றான்.

"அன்னிக்கு நீ குதிரையத்தான் எடுக்கப் போன. எனக்குத் தெரியும்ணே. தெரிஞ்சேதான் கத்துனேன்." நாலு மேசைக்கும் கேட்டது.

லெமுவேல் பலகையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "எனக்கும் தெரியும்டா. தள்ளி நில்லு, வெளிச்சத்த மறைக்கிற."

தள்ளி நின்றான். ஆட்டம் முடியும்வரை நின்றான். உட்காரச் சொல்லி யாரும் கூப்பிடவில்லை.