ஒரு கோடைக்கான டயர்

உலகநாதனின் டயர் கடை வாசலில் சிவப்புக் காரை நிறுத்திவிட்டு பஷீர் அகமது கடைக்குள் போனார். அவர் மகள் ரசியா காரிலேயே உட்கார்ந்திருந்தாள். தரையோடு தரையாகத் தாழ்ந்த ஸ்போர்ட்ஸ் கார் அது. உள்ளே உட்கார்ந்தால் தெருவில் போகிறவர்களின் முகம் தெரியாது, வேட்டிக் கரையும் முழங்காலும்தான் தெரியும். சித்திரை வெயிலில் தார் இளகிக் கிடந்தது. காற்றுக்காகக் கதவைத் திறந்து வைத்திருந்தாள். இளம்பிள்ளை வாதத்தில் சூம்பிய காலுக்குப் போட்டிருந்த இரும்புப் பட்டை சூடேறிச் சுட்டது. அவள் காலை உள்ளே இழுத்துக்கொண்டு, கடைக்குள் நடக்கிற பேச்சுக்குக் காதைக் கொடுத்தாள்.

வில்லியனூரில் மளிகைக் கடை வைத்திருப்பவருக்கு இப்படி ஒரு கார் எதற்கு என்று கேட்காத ஆள் இல்லை. பஷீரின் பெரியப்பா மகன் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். ஒருமுறை லீவில் வரும்போது ஊர் மெச்ச வேண்டும் என்று கப்பலில் அந்தக் காரையும் ஏற்றிக்கொண்டு வந்தார். ஊரும் மெச்சியது. திரும்பிப் போகும்போது காரைத் தம்பி பஷீரின் வாசலில் விட்டுவிட்டுப் போனார். கோழி அடையும் இடமாகப் போயிருக்க வேண்டிய வண்டி, ரசியா காலேஜில் சேர்ந்த அன்று பிழைத்துக்கொண்டது. பஸ் படி அவள் இடுப்பு உயரம். இந்தக் காரிலோ முதலில் உட்கார்ந்துவிட்டு, காலை இரண்டு கையாலும் தூக்கி உள்ளே வைத்துக்கொண்டால் போதும். காலையில் அவளைப் புதுச்சேரியில் இறக்கிவிட்டு, மாலையில் அழைத்து வரும்போது சீட்டுக்குப் பின்னால் வெங்காயமும் வெல்லமும் பெருங்காயமும் அடைத்துக்கொண்டு வருவார் பஷீர். பிரெஞ்சுக்காரன் வெள்ளைக்காரிக்கென்று செய்த வண்டியில் எந்நேரமும் பெருங்காய வாசனை வீசியது.

அதில் இன்னொரு கூத்தும் உண்டு. ஸ்டியரிங் இடது பக்கம். முன்னால் ஒரு பாரவண்டி போனால், எதிரே வருவது பஷீருக்குத் தெரியவே தெரியாது. ரோட்டின் நடுப்பக்கம் உட்கார்ந்திருக்கும் ரசியாவுக்குத்தான் தெரியும். அவள் தலையை வெளியே நீட்டிப் பார்த்து "போலாம்" என்றால் போவார். "வேணாம்" என்றால் பின்னாலேயே ஊர்ந்துகொண்டிருப்பார். கடையில் பருப்பு மூட்டைகளை நாலு முறை கை விட்டுப் பார்க்கிற மனிதர், மகளின் அந்த ஒற்றைச் சொல்லை மட்டும் ஒருநாளும் சந்தேகப்பட்டதில்லை.

சிக்கனம் பார்த்து ஏமாந்தது போன கோடையில். டயர் தேய்ந்துபோனபோது மாட்டு வண்டிச் சாமான் கடையில் புத்தம்புது டயர்கள் பார்த்தார். அளவு ஒத்துப்போனது, விலையும் மலிவு. மாட்டு வண்டிக்கென்றே செய்கிற டயர், மாடு போகிற வேகத்துக்கு மேல் தாங்காது என்பது அவருக்குத் தெரியும். காரே மாடு போலத்தானே போகிறது என்று மாட்டிவிட்டார். அரியூர் தாண்டி ஒரு மதிய வெயிலில் முன்டயர் வெடித்தது. கார் ஒரு சுற்றுச் சுற்றிக் கரும்புக் கொல்லைக்குள் போய் நின்றது. இருவருக்கும் கீறல்கூட இல்லை. ஆனால் பஷீர் அன்றைக்கு ரோட்டோரம் உட்கார்ந்து, மகள் முன்னாலேயே வாய்விட்டு அழுதார்.

இப்போது மறுபடியும் டயர். கூடவே வேறொன்றும் வீட்டுக்குள் நுழைந்திருந்தது. பாகூரில் இரும்புக்கடை வைத்திருக்கும் ஷேக் மைதீனுக்கு ரசியாவைக் கேட்டு வந்திருந்தார்கள். கால் ஒரு குறையே இல்லை என்று சொல்லிவிட்டார்கள். படிப்பு இத்தோடு போதும் என்றும் சொன்னார்கள். கால் குறையில்லை என்ற சொல்லிலேயே அவள் அம்மா ரோஷன் பீவிக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படி ஒரு இடம் மறுபடி வருமா என்பது அவள் பயம். அந்தப் பயத்தில் நியாயம் இல்லாமலும் இல்லை. ரசியாவுக்கோ கணக்கில் மேலே படிக்க வேண்டும். அதைச் சொல்ல வாயெடுத்த போதெல்லாம் அத்தா, பரீட்சை முடியட்டும் என்று நழுவிக்கொண்டிருந்தார். அவர் மனதில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் பிடிபடவில்லை.

கடைக்குள் உலகநாதன் இரண்டு டயர்களை எடுத்துப் போட்டார். ஒன்று கெட்டி ரப்பர். மூன்று நாலு வருஷம் அலுக்காமல் உழைக்கும், ஆனால் இந்த மாதிரித் தார் இளகுகிற ரோட்டில் பிரேக் போட்டால் கொஞ்சம் இழுத்துக்கொண்டு போகும். இன்னொன்று சோழவரம் கார் பந்தயத்தில் ஓடிவிட்டு வந்தது. நகம் பட்டால் பதியும். வெயில் ஏற ஏற ரோட்டை அட்டை மாதிரிப் பிடிக்கும். மழை தொடங்கினால் கழற்றி எறிய வேண்டியதுதான்.

"எவ்ளோ நாளிக்கி ஓடணும் பாய்? இந்தக் கோட தாண்டுனா போதுமா, இன்னும் வருஷக்கணக்கா ஓட்டுவீங்களா?"

ரசியா மூச்சைப் பிடித்துக்கொண்டாள். பெற்ற மகள் கேட்க முடியாத கேள்வியை ஒரு டயர்க்கடைக்காரர் எவ்வளவு சுலபமாகக் கேட்டுவிட்டார்.  அத்தாவின் கால் மட்டும் தெரிந்தது. ஒரு செருப்பின் நுனி கெட்டி டயரைத் தொட்டது, பிறகு விலகியது.

"எது நல்லா புட்ச்சி நிக்கும்?" என்று கேட்டார் பஷீர். பந்தய டயரை மாட்டச் சொன்னார்.

அன்று வீடு திரும்பினார்கள். கார் அதுவரை இல்லாத மாதிரி ஓடியது. ரெட்டியார்பாளையத்தில் ஒரு நாய் குறுக்கே வந்தபோது, பிரேக்கில் கால் வைத்த இடத்திலேயே நின்றது. அத்தாவின் முகத்தில் பெருமை. அவள் மனம் வேறு கணக்குப் போட்டது. கோடையோடு சரி. காலேஜ், கணக்கு, இந்தச் சீட்டு எல்லாம் மழைக்கு முன் முடிந்துவிடும். பதிலை வாயால் சொல்லத் தைரியமில்லாமல் டயராக வாங்கி மாட்டியிருக்கிறார் என்று நினைத்தாள். படிக்க உட்கார்ந்தால் அந்த ரப்பர் தேய்வதே கண்ணுக்குள் நின்றது. காரில் "போலாம்", "வேணாம்" இரண்டைத் தவிர வேறு சொல் அவள் வாயிலிருந்து வரவில்லை.

கடைசிப் பரீட்சை அன்று, மூலகுளத்துக்கு முன்பே ஒரு வைக்கோல் வண்டி மறித்துக்கொண்டது. ரோட்டில் பாதிக்கு மேல் அடைத்துக்கொண்ட பாரம்.

"இன்னாமா, போலாமா?"

அவள் தலையை நீட்டவில்லை. பார்வையை மடியிலிருந்த பேனாவில் வைத்துக்கொண்டாள். பஷீர் இன்னொரு முறை கேட்டார். பிறகு கேட்கவில்லை. ஹாரனும் அடிக்கவில்லை. வண்டிக்குப் பின்னாலேயே, மாட்டின் நடைக்கு, ஊர்ந்தார். பின்னால் வந்த பஸ் ஒன்று ஹாரன் அடித்து அவர்களைத் தாண்டிப் போயிற்று. ஒரு ஸ்கூட்டர் போயிற்று. காற்றில் வைக்கோல் தூசி பறந்து கண்ணில் விழுந்தது. பரீட்சை மணி அடித்துவிடுவார்களோ என்று அவள் பேனாவைத் திருகிக்கொண்டிருந்தாள். அவர் நெற்றியில் வியர்வை வழிந்தது. இருந்தும் இப்படி அப்படி ஒரு முழம் ஒதுங்கவில்லை. பஸ் போன பின்னாலேயே போயிருக்கலாம். போகவில்லை. அவள் சொல்லாமல் அவர் போக மாட்டார் என்பது அவளுக்கு உறைத்தபோது, கோபத்தின் அடியில் எதுவோ ஆட்டம் கண்டது.

"மழை வந்தா இந்த டயரு ஒதவாது இல்லத்தா?" என்றாள்.

"ஒதவாது."

"அப்ப எனுக்கு இந்தக் கோடையோட முடிஞ்சிது."

பஷீர் திரும்பி அவளைப் பார்த்தார். அவர் அதை அப்படி நினைத்தே பார்த்திருக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

"போன வருஷம் கொல்லைக்குள்ள போனமே, அதுக்கப்புறம் எனுக்குக் கண்ண மூடுனா அதான் வருது," என்றார். "கடக்காரரு கேட்டப்ப வருஷத்தப் பத்தி ரோசனையே வரல. நீ பக்கத்துல குந்தி வர்ற, வழுக்கக் கூடாது, அவ்ளோதான்." வைக்கோல் பாரத்தையே பார்த்துக்கொண்டு கொஞ்ச தூரம் ஓட்டினார். "பாகூர்காரங்க நாளைக்கி பதில் கேட்டு வராங்க. உங்கம்மா சரின்னு சொல்லுன்றா. எனுக்கு ஒண்ணும் தெர்லமா. நீ இன்னா சொல்ற?"

இத்தனை மாதமும் அந்தக் கேள்விக்கு எத்தனையோ நியாயங்களை அடுக்கி வைத்திருந்தாள். அத்தனையையும் விட்டுவிட்டு ஒன்றை மட்டும் சொன்னாள்.

"நான் மேல படிக்கணும் அத்தா. அவுங்களுக்கு இல்லன்னு சொல்லிடுங்க."

 ஸ்டியரிங்கில் பஷீரின் விரல்கள் இறுகித் தளர்ந்தன. நாளைக்கு வீட்டில் எழப்போகும் அம்மாவின் அழுகையை அவர் இப்போதே கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று அவளுக்குத் தோன்றியது. அவளுக்கும் அது கேட்டது.

ரசியா கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையை வெளியே நீட்டினாள். மூலகுளம் வரைக்கும் ரோடு காலியாகக் கிடந்தது.

"இப்ப போலாம்," என்றாள்.

கார் பாய்ந்தது. பரீட்சை மணிக்குச் சற்று முன் காலேஜ் வாசலில் இறங்கினாள்.

பரீட்சை முடிந்து வெளியே வந்தபோது கார் வேப்பமர நிழலில் நின்றிருந்தது. கதவைத் திறந்ததும் வழக்கமான வெங்காய நெடி இல்லை. சீட்டுக்குப் பின்னால் மூட்டைகள் வைக்கும் இடத்தில் ஒரே ஒரு கெட்டி டயர், வாழை நாரால் கட்டிச் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது.

"இன்னிக்கி ஒண்ணுதான் தோதுப்பட்டுது, மழைக்குள்ள மீதியும் வாங்கிடலாம்," என்றார் பஷீர், ரோட்டைப் பார்த்துக்கொண்டே. "இத உங்கம்மா பாக்குறப்ப நீயும் கூட இரு."

டயர் இடித்ததால் அவளுடைய சீட் முன்னுக்குத் தள்ளியிருந்தது. இரும்புப் பட்டையை இரண்டு கையாலும் தூக்கி ஒருச்சாய்த்து வைத்துக்கொண்டாள். வில்லியனூர் ரோட்டில் முன்னால் மறுபடியும் ஒரு பாரவண்டி தெரிந்தது. பஷீர் வேகத்தைக் குறைத்தார். புது டயரில் உரியாமல் நீட்டிக்கொண்டிருந்த ரப்பர் முடிகள் காற்றில் ஆடி, அவள் கழுத்தை லேசாகக் குத்திக்கொண்டே வந்தன.