ஐந்தாவது புட்டியும் நீலச் சட்டையும்

என் மருமகளுக்கு மூக்குதான் மூலதனம். சாப்பாட்டு மேஜையில் தராசையும் துளிக்குழாயையும் பரப்பிக்கொண்டு சென்ட் கலப்பாள். நாங்கள் மடியில் தட்டை வைத்துக்கொண்டு சாப்பிடுவோம். பழகிவிட்டது. சோற்றில் ரோஜா மணக்காமல் இருந்தால் சரி.

இந்த முறை வந்தது பெரிய வேலை. பழைய காதல் பாட்டுகளில் வருகிற ஐந்து திணைக்கும் ஐந்து சென்ட் வேண்டும் என்று ஒரு புத்தகக் கடைக்காரம்மா கேட்டிருந்தார். ஐந்தும் ஒரே பெட்டியில். ஒன்று குறைந்தாலும் பெட்டியே வேண்டாம் என்று கறாராகச் சொல்லிவிட்டார். இது கைகூடினால் மருமகள் சொந்தத் தொழிலில் இறங்கிவிடலாம். இல்லையென்றால் லீவு முடிந்ததும் திரும்பவும் அதே சோப்புக் கம்பெனி, அதே எலுமிச்சை வாசனை.

நான்கு வந்துவிட்டன. குறிஞ்சிக்கு நனைந்த பாறையும் தேனும், முல்லைக்கு முல்லையேதான், மருதத்துக்குச் சேறும் நெல்லும், நெய்தலுக்கு உப்பும் தாழம்பூவும். பாலையில்தான் வண்டி நின்றுவிட்டது. வெயில், வறட்சி, பிரிந்து போகிறவன், இதையெல்லாம் எப்படிப் புட்டியில் அடைப்பது? வெட்டிவேரைப் போட்டாள், மரத்தூளைப் போட்டாள், மிளகைக்கூட விடவில்லை. காகிதப் பட்டையில் ஒரு துளி விட்டு என் மூக்குக்கு நேரே நீட்டுவாள்.

"என்ன தோணுது அத்தை?"

"மரக்கடை."

"இது?"

"மரக்கடைக்காரர்."

"உங்ககிட்ட போய்க் கேட்டேன் பாருங்க."

கடைக்காரம்மா வருவதாகச் சொன்ன அன்று காலையில்தான் என் மகனும் வெளியூர் கிளம்பினான். அவன் லிஃப்ட் மாட்டுகிற மெக்கானிக். ஒரு கட்டடத்துக்குப் போனால் அது முடிகிற வரைக்கும் வீட்டுப் பக்கம் தலைகாட்டமாட்டான். இஸ்திரி போடும் இடமெல்லாம் புட்டிகள். அதனால் சாப்பாட்டு மேஜையின் ஓரத்தில் துண்டை விரித்து, கஞ்சி போட்ட நீலச் சட்டையைத் தேய்க்க ஆரம்பித்தான். மருமகள் குளித்துவிட்டு வந்தாள்.

"ஸ்பிரிட் இருக்கிற மேஜையில இஸ்திரிப் பெட்டியா? வீட்டக் கொளுத்திட்டுத்தான் ஊருக்குப் போவீங்களா?"

"கசங்கின சட்டையோட போனா, பொண்டாட்டி கவனிக்கலன்னு பேசுவாங்க."

"இப்ப மட்டும் கவனிச்சேனா?"

"அதத்தான் நானும் சொல்ல வந்தேன்."

அவள் ஒயரைப் பிடுங்கினாள். அவன் சட்டையை மாட்டிக்கொண்டு, என்னிடம் மட்டும் "வரேம்மா" என்று சொல்லிவிட்டுப் போனான்.

கடைக்காரம்மா வந்தார். நான்கையும் முகர்ந்து முகம் மலர்ந்தவர், பாலையை முகர்ந்ததும் பட்டையைக் கீழே வைத்துவிட்டார்.

"பெட்டி அடிக்கிற மரம் மாதிரி இருக்கு. இதுல யாரும் யாரையும் விட்டுட்டுப் போகலையே."

எழுந்துகொள்ள அந்த அம்மா மேஜையில் கை ஊன்றியதில் துண்டு நகர்ந்து, அடியில் ஒட்டிக்கிடந்த ஒரு பட்டை உள்ளங்கைக்கு வந்தது. மகன் கவனிக்காமல் அதன் மேலேயே துண்டை விரித்துத் தேய்த்திருக்கிறான். லேசாகப் பழுப்பேறியிருந்தது. அந்த அம்மா அதையும் முகர்ந்தார். திரும்ப உட்கார்ந்துவிட்டார்.

"எங்க வீட்டுக்காரர் கப்பலுக்குக் கிளம்புற அன்னிக்கு வீடு இப்படித்தான் மணக்கும்" என்றார். "இதுதான்மா பாலை. இதையே பண்ணி வை. வர்ற வெள்ளிக்கிழமை வரேன்."

அதற்கப்புறம் பாலைப் பட்டையை அடியில் வைத்து, வீட்டில் இருந்த துணி ஒன்று பாக்கியில்லாமல் தேய்த்துப் பார்த்தோம். தலையணை உறை தலையணை உறையாகத்தான் மணத்தது. கடைசியில் மருமகள் போனை எடுத்து, என் மகனைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டாள்.

"அந்த நீலச் சட்டை எங்க?"

"போட்டிருக்கேன். ஏன், கோபம் தீர்ந்துடுச்சா?"

"அது அப்புறம். காலர மோந்து பாருங்க."

"பஸ்ல எல்லாரும் பார்க்கிறாங்கடி."

"பாருங்கன்னா."

அவன் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. "கஞ்சி. கொஞ்சம் கருகல். துவைச்சும் போகாத கிரீஸ். அப்புறம் உன் வெட்டிவேர்."

"அந்தச் சட்டை எனக்கு வேணும்."

"சட்டை மட்டுமா?"

அவள் போனை வைத்துவிட்டாள். சாயங்காலம் மகன் வாசலில் வந்து நின்றான். "சட்டையக் குடுத்துட்டு நாளைக்குப் போறேன்" என்றான். பையை அவளே வாங்கி உள்ளே வைத்தாள்.

சட்டையின் வால் பக்கத்தைக் கத்தரித்து, சூடாகத் தேய்த்து, ஆறவிட்டு, ஸ்பிரிட்டில் ஊறப்போட்டாள். அவன் பனியனோடு உட்கார்ந்து அதை வேடிக்கை பார்த்தான். வெள்ளிக்கிழமை கடைக்காரம்மா அந்தப் புட்டியை முகர்ந்தவர், மூடியைத் திருகவே மறந்துவிட்டார். பெட்டி விற்றுப்போய்விட்டது. சோப்புக் கம்பெனிக்கு லீவு நீட்டிப்பதற்குப் பதிலாக ராஜினாமா போனது.

இப்போது ஒவ்வொரு பெட்டிக்கும் சட்டையிலிருந்து இன்னும் ஒரு துண்டு போகிறது. "இன்னும் நாலு பெட்டி வித்தா இது ஜாக்கெட்டுதான்" என்கிறான் மகன். அவன் ஊருக்குக் கிளம்புகிற காலையில், புட்டிகளை எல்லாம் ஒதுக்கிவிட்டு, மிச்சச் சட்டையை அவளேதான் தேய்த்துக் கொடுக்கிறாள். வாசனை சரியாக வரவேண்டும் என்று மிகவும் மெதுவாகத் தேய்க்கிறாள். போன தடவை அவ்வளவு மெதுவாகத் தேய்த்ததில் பஸ் போய்விட்டது.