சிப்பிக்குள் வைத்த பாதை

"எங்க ஒளிச்சு வெச்சிருக்கீங்க?" விஷால் திரையை உற்றுப் பார்த்தான்.

சதுரங்கப்பட்டினத்தில் மனைப்பிரிவு போடும் கம்பெனியின் மேலாளர் அவன். லோகோவுக்குள் ஒரு ரகசியம் இருக்கவேண்டும், கண்டுபிடித்தவன் பத்துப் பேரிடம் சொல்லவேண்டும் என்று கேட்டிருந்தான். படூர் விளம்பர அலுவலகத்தின் திரையில் நீலச் சிப்பி ஒன்று தெரிந்தது. அதன் கோடுகளுக்கு நடுவே விட்டிருந்த வெள்ளை இடைவெளி இரண்டு முறை வளைந்து கீழே இறங்கியது.

"அலை சார். கரைக்கு வர்ற அலை," என்றாள் அதை வரைந்த ரெஜினா.

"பிரமாதம்," என்றான் விஷால். அவளுடைய முதலாளி திருநாவுக்கரசு பூரித்துப்போனார். "அவங்க வீட்ல காலேஜ் வாசல மிதிச்ச மொத ஆளு சார் இந்தப் பொண்ணு," என்றார். வருகிறவர் போகிறவரிடமெல்லாம் இதைச் சொல்லிவிடுவார். ரெஜினாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அது அலையில்லை. அவளுடைய காலனியிலிருந்து கல்லறைத் தோட்டத்துக்குப் போகும் பாதை. கம்பெனி அதை வேலி போட்டு அடைத்துவிட்டது. போன மாதம் அத்தை ஞானம்பாள் இறந்தபோது, பெட்டியைப் பெரிய ரோடு வழியாக மூன்று கிலோமீட்டர் சுற்றித் தூக்கிப்போனார்கள். பின்னால் ஒரு லாரிக்காரன் ஹாரனிலிருந்து கையை எடுக்கவேயில்லை.

இந்தத் தொழிலில் படத்தைப் போட்டுவிட்டுத்தான் அர்த்தத்தைத் தேடுவார்கள். இந்த ஒரு முறை அவள் அர்த்தத்தை வைத்துக்கொண்டு படம் போட்டாள். அடைத்த பாதையை அவர்களே போர்டில் எழுதி நடட்டும் என்ற வெறி.

அன்று சாயங்காலம் ஊருக்குப் போய் அத்தை மகன் ஜெபசிங்கிடம் போனை நீட்டினாள்.

"இன்னாது, கிளிஞ்சலா?"

"நடுவுல பாரு ஜெபா. வெள்ளையா கீதுல்ல, அத."

விரலால் கோடு இழுத்துக் காட்டிய பிறகே அவனுக்குப் புரிந்தது. தானும் ஒரு முறை விரலால் இழுத்துப் பார்த்தான்.

"கரெக்டா போட்டுக்கிற," என்றான் கடைசியில். "அங்க போய் நின்னா கம்பிதான் கீது. இத்த வெச்சுகினு எங்கம்மாவுக்கு எப்புடி பூ போடறது?"

"அவனுங்க போர்டுலயே நம்ம பாதைடா."

"யாருக்குத் தெரியும்? நீ சொன்னாதான எனுக்கே தெரிது." அவன் குரலில் கோபம்கூட இல்லை. "ஆமா, வளைவு இவ்ளோ சுத்தமா எப்புடி வந்துச்சு?"

"அவனுங்க சர்வே மேப்புதான். எடம் வாங்கறதுக்கு மின்னாடி எடுத்தது. விளம்பரம் போட எங்களுக்கு அனுப்பிச்சானுங்க. அதுல புள்ளி புள்ளியா பாதை போட்டு, இடுகாட்டுப் பாதைன்னு எழுதியே கீது."

ஜெபசிங் அவளை ஏற இறங்கப் பார்த்தான். "நாங்க போட்ட மனுவுக்கு, பாதையே இருந்தது இல்லன்னு எழுதிக் குட்த்துக்கிறானுங்க. வெள்ளிக்கெழம செங்கல்பட்டுல வெசாரண. கையில ஒரு துண்டுக் காயிதம் இல்லாம நாங்க நாயா அலையறோம். நீ மேப்ப வெச்சுகினு கிளிஞ்சல் வரைஞ்சினுகீற."

அவள் போனைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். வாடிக்கையாளரின் தாள் எதுவும் வெளியே போகக்கூடாது என்று வேலைக்குச் சேர்ந்த அன்றே கையெழுத்து வாங்கியிருந்தார்கள். அந்தச் சம்பளத்தில்தான் வீடு ஓடியது. பழிவாங்கியதாக நினைத்தது பயம்தான் என்று அப்போது உறைத்தது. யார் கண்ணிலும் படாமல் கோபப்பட்டிருக்கிறாள்.

வெள்ளிக்கிழமை. கோட்டாட்சியர் அலுவலகத்தில் விஷால், அப்படி ஒரு பாதை எங்கள் எந்த ஆவணத்திலும் இல்லை என்று வாசித்து முடித்தான். ரெஜினா எழுந்து போய் வரைபடத்தை மேசையில் வைத்தாள். அவளைப் பார்த்ததும் அவன் முகம் வெளுத்தது.

"இது எங்க கம்பெனியோட தாள். இவங்க காட்ட உரிமையே இல்ல மேடம்."

கோட்டாட்சியர் தாளிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார். "அப்போ இது உங்க தாள்தான்?"

விஷால் தான் வாசித்த தாளை மடித்தான்.

"செவ்வாய்க்கிழமை நேர்ல வந்து பாக்கறேன். அதுவரைக்கும் அங்க ஒரு கல்லுகூட நடக்கூடாது." அவர் ரெஜினா பக்கம் திரும்பினார். "யார் குடுத்ததுன்னு எழுதிக் கையெழுத்துப் போடணும்மா. பின்னாடி இல்லன்னு சொல்லக்கூடாது."

"சொல்லமாட்டேன் மேடம்."

பெயர், தகப்பன் பெயர், காலனியின் பெயர் எல்லாம் எழுதினாள். வேலை என்ற இடத்தில் பேனா நின்றது. வெளியே வராந்தாவில் விஷால் திருநாவுக்கரசிடம் போனில் பேசுவது கேட்டது. "உங்க பொண்ணுதான் சார்," என்றான் அவன்.

அந்த இடத்தில் ஒரு கோடு போட்டுவிட்டு, கீழே கையெழுத்திட்டாள்.