இரண்டும் இடது கை

ஆணிகளில் தொங்கிய மாதிரித்தாள்களை அவள் ஒவ்வொன்றாகப் பிடுங்கிக் கீழே போட்டுக்கொண்டிருந்தாள். அப்பாவுக்குப் போட்டுவிட வெள்ளைச் சட்டை ஒன்றை எடுத்து வரச் சொல்லி அம்மா அனுப்பியிருந்தாள். வீட்டின் முன்னறைதான் தையல் கடை. உள்ளறையில் அப்பாவைக் கிடத்தியிருந்தார்கள். விடிகாலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டவர், டாக்டர் வருவதற்குள் போய்விட்டார். வெள்ளைச் சட்டை மேசை மேலேயே இருந்தது. அவள் தேடியது வேறு.

கிடைத்தது. ஒரு கை, ஒரு காலர், ஒரு பை. நான்கு வருடத்துக்கு முன்னால் அது அவளுடைய எண்பது பக்க நோட்டு. முதலில் மூன்று கதைகள். நடுவில் நகைச்சுவை. கடைசியில் ‘எனக்கு மட்டும்’ என்று தலைப்புப் போட்டு, மனதில் பட்டதையெல்லாம் எழுதியிருந்தாள். அப்பா தாள்களைக் கூழ் தடவி ஒட்டி, மாதிரி வெட்டி, ஆணியில் மாட்டிவிட்டார். கதைகள் கையாயின. நகைச்சுவை காலராயிற்று. ‘எனக்கு மட்டும்’ சட்டைப்பையாகி ஊருக்கே தொங்கியது.

அளவு கொடுக்க வந்த தபால்காரர்தான் அதை முதலில் படித்தார். “‘நான் அழகில்லை என்பது எனக்கு முன்பே கண்ணாடிக்குத் தெரியும்.’ அடேயப்பா! யாருங்க எழுதுனது?” கடையே சிரித்தது. அப்பாவும் சிரித்தார்.

“ஏம்ப்பா இப்படிப் பண்ணுனீங்க?”

“தாள் கெட்டியா இருந்துச்சு. எழுத்துதானே, இன்னொரு தடவ எழுதிக்கோ.”

அன்றைக்குக் கறுவிக்கொண்டவள்தான். பதினைந்து வயதுக் கோபம் பத்தொன்பது வயதிலும் ஆறவில்லை. பழிவாங்கக் கதையைப் போல வசதியான இடம் கிடையாது என்பதை அதற்குள் கற்றுக்கொண்டிருந்தாள். பெயர் போடாமலே அடிக்கலாம், அடிபட்டவர் வாய் திறந்தால் அவர்தான் மாட்டிக்கொள்வார்.

அப்பாவின் தொழிலில் ஒரே ஒரு கறை உண்டு. முன்பொரு கல்யாண மாப்பிள்ளைக்குச் சட்டை வெட்டும்போது துணியை மடித்துப் போடவில்லை. ஒற்றைத் துணியில் மாதிரியைத் திருப்பாமலே இரண்டு முறை வைத்து வெட்டிவிட்டார். இரண்டு கையும் இடது கை. அவசரத்தில் அப்படியே தைத்தும் கொடுத்துவிட்டார். மாப்பிள்ளை மேடையில் வலது கையைத் தூக்க முடியாமல் நின்றான். வீட்டில் அந்தப் பேச்சை யாரும் எடுக்கக் கூடாது. அவள் எடுத்தாள், நன்றாகச் சிரிப்பு மூட்டி எழுதினாள். வாரப் பத்திரிகையில் வந்துவிட்டது. பக்கத்தைத் திறந்து தையல் மெஷின்மேல் வைத்தாள். அதே தபால்காரர் அதே கடையில் அதைச் சத்தமாகப் படித்தார். தெருவே சிரித்தது.

அப்பா மட்டும் வாய் திறக்கவில்லை. திட்டவில்லை, முறைக்கக்கூட இல்லை. கல்லுளிமங்கன் மாதிரி மூன்று நாள் மெஷினை மிதித்துக்கொண்டே இருந்தார். இன்று ஒரேயடியாக வாயை மூடிவிட்டார். அடி வாங்கியவன் ‘ஆ’ என்று ஒரு வார்த்தை சொல்லாமல் போனால் அடித்தவளுக்கு என்ன திருப்தி? வலித்ததா இல்லையா என்று இனி யாரிடம் கேட்பது?

சட்டையை வாங்க அம்மா வாசற்படிக்கு வந்தாள். “மூணு நாளா உன்கிட்ட பேசாமயே போயிட்டாரேடி. அப்படி என்னத்தடி எழுதுன?”

அவள் சட்டையை அம்மா கையில் கொடுத்தாள்.

அம்மா போனதும் காஜா மாமா உள்ளே வந்தார். இருபது வருடமாக அந்தக் கடையில் சட்டைகளுக்குக் காஜா எடுத்துப் பட்டன் வைப்பவர். அழுது முகம் வீங்கியிருந்தது. அலமாரியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து நீட்டினார்.

“உனக்குத்தான்மா. நேத்து சாயங்காலம் முடிச்சாரு.”

நீலத்தில் முழுக்கைச் சட்டை. பிசிறில்லாத தையல். அவள் சட்டையின் வலது கையைப் பார்த்தாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அது இடது கை.

“நான் சொன்னேன்மா, ‘அண்ணே, கை மாறிப்போச்சு’ன்னு. ‘உன் வேலையப் பாருடா’ன்னாரு. அப்புறம் சிரிச்சாரு பாரு, கண்ணுல தண்ணி வர்ற வரைக்கும்.” காஜா மாமா மூக்கை உறிஞ்சினார். “‘அவள இதப் போட்டுக்கிட்டு எழுதச் சொல்லு’ன்னாரு. இன்னைக்குக் காலையில அவரே குடுக்கறதாத்தான் இருந்துச்சு.”

அப்பா சொல்லி அவள் எதையும் செய்ததில்லை. மறைப்புக்குப் பின்னால் போய் அதைப் போட்டுக்கொண்டு வந்தாள். கையை முன்னால் நீட்டினால் தோள் பின்னுக்கு இழுத்தது. மற்றபடி அளவு கச்சிதம். அவளை அளவெடுத்து இரண்டு வருடமாவது இருக்கும்.

உள்ளறையில் அத்தை அந்தச் சட்டையைத் தொட்டுப் பார்த்து ஓவென்று அழுதாள். “எங்கண்ணன் கடைசியாத் தைச்சது மகளுக்கு! என்னா பாசம்! என்னா பாசம்!” சுற்றியிருந்தவர்கள் தலையாட்டினார்கள். அவளும் காஜா மாமாவும் ஒருவரையொருவர் பார்க்காமல் நின்றார்கள்.

மாலை நான்கு மணிக்கு அப்பாவைக் கொண்டுபோக வண்டி வந்தது. போனவர்கள் திரும்பியபோது வெயில் இன்னும் இருந்தது. அவள் கடைக்குள் போய், வெட்டும் மேசையில் ஒரு நோட்டை விரித்தாள்.

“கைய அப்படி இழுக்குதே, கழட்டிப் போட்டுட்டு உக்காரேன்” என்றாள் அம்மா.

“இருக்கட்டும்மா.”

புதுக் கதையிலும் தையல்காரர் இருந்தார். இதில் அவர் சாகப் போவதில்லை. இந்தக் கைக்குப் பதில் சொல்லாமல் அவரை அவ்வளவு சுலபத்தில் விடுவதாக இல்லை. அவள் எழுதினாள். ஒவ்வொரு வரிக்கும் தோள் இழுத்தது. நோட்டைக் கொஞ்சம் தன் பக்கமாக நகர்த்தி வைத்துக்கொண்டாள்.