மூன்றாவது மின்வடம்

ஒலிப்பதிவுக் கூடத்தில் அவருக்குப் பாம்புச்செவி என்று பெயர். பாடகியின் வளையல் உரசுவதையும், அடுத்த அறையில் எவரோ காகிதம் புரட்டுவதையும் கண்டுபிடித்துப் பதிவை நிறுத்தியவர் என்பதால் வந்த பெயர் அது. பெற்றோர் இட்ட பெயர் மறைந்தே போயிற்று. கூடத்தில் ஒரு பாடலின் ஒலிகளைக் கலந்து முடித்தவுடன் அதை வீட்டிற்கு எடுத்து வந்து, தம் சொந்தக் கருவியில் ஒருமுறை கேட்பார். குறை தென்பட்டால் மறுநாள் திருத்துவார். அவர் கேட்கும் நேரத்தில் மின்விசிறி சுழலக் கூடாது. மிக்சி ஓடக் கூடாது. மனைவி தும்முவதாயினும் மாடிக்குச் சென்றுதான் தும்ம வேண்டும்.

சில மாதங்களாக அப்பழக்கமே அவருக்கு வினையாயிற்று. கூடத்தில் உரக்க ஒலிக்கும்போது தெரியாத குறை வீட்டில் தெரிந்தது; பாடகர்கள் போர்வைக்குள்ளிருந்து பாடுவது போலிருந்தது. ஆகவே மறுநாள் கூடத்தின் ஒலிக்கலவை மேசையில் அமர்ந்து, கூரிய உச்சச் சுருதி ஒலிகளைச் சற்றே ஏற்றுவார். அவ்வாறு ஏற்றிய பாடல்கள் புகாருடன் திரும்பி வந்தன. காதில் ஊசி குத்துகிறது என்றார் ஒரு பாடகி.

"உங்க வீட்டு ஸ்பீக்கர மாத்துங்கம்மா" என்று விடை கூறி அனுப்பினார் பாம்புச்செவி.

சனிக்கிழமை முதலாளி அவரைத் தனியே அழைத்தார். "அண்ணே, புதுப் பாட்டு நாளைக்கழிச்சுப் போயாகணும். இதுவும் திரும்பி வந்துச்சுன்னா என் கையில ஒண்ணும் இல்ல."

வீட்டு மின்சாரம் தூய்மையாக இல்லை; அதனால்தான் தம் கருவி மங்கி ஒலிக்கிறது என்று அவர் முடிவு கட்டினார். கருவிக்குச் செல்லும் மின்சாரத்தைத் தூய்மையாக்குவதாகச் சொல்லப்படும் உயர்ரக மின்வடங்களை விற்கும் கடைக்காரர், கேட்டுப் பார்த்துத் தேர்ந்தெடுக்குமாறு மூன்று வடங்களைக் கொடுத்தனுப்பினார். ஞாயிறு முற்பகலில் ஒப்பீடு தொடங்கியது. எந்த வடம் எது என்று தெரிந்தால் மனம் சாய்ந்துவிடும் என்பதால், கருவி இருந்த அலமாரியின் பின்புறத்தைப் போர்வையால் மறைத்து, வடங்களை மாற்றும் பொறுப்பை மைத்துனனிடம் ஒப்படைத்தார்.

"இது வயரா, மலைப்பாம்பா?" என்றாள் மனைவி. "கட்டி விட்டா வீட்டுத் துணியெல்லாம் காயும்."

"அத்தான், இத இஸ்திரிப்பெட்டிக்கு மாட்டினா சட்டை தானா மடிஞ்சுக்குமா?"

"வாய மூடிட்டு மாட்டு மாப்ளே."

முதல் வடத்திலும் பாடல் மங்கலாகவே ஒலித்தது. வெள்ளி இழைகள் கொண்ட இரண்டாவதிலும் அப்படியே. புதிய வடம் சில நாள் மின்சாரம் ஓடிப் பழகிய பின்னரே தன் குணத்தைக் காட்டும் என்பது இத்துறையினரின் நம்பிக்கை.

"ரெண்டும் இன்னும் பழகல" என்றார்.

"பழகுறதுக்கு இது என்ன புது மாப்பிள்ளையா அத்தான்?" என்று கேட்டவாறே, நடுவில் இரும்புப் பெட்டி பொருத்திய மூன்றாவது வடத்தை மைத்துனன் செருகினான்.

பாடலைத் தொடங்குமுன் வெறும் அமைதியைக் கேட்பது பாம்புச்செவியின் முறை. கண்களை மூடினார். முகம் மலர்ந்தது.

"ஆஹா! இதுதான். என்ன அமைதி பாத்தியா? ஒரு பொட்டுச் சத்தம் இல்ல."

கண் திறந்தார். மனைவி இரு காதுகளையும் பொத்திக்கொண்டிருந்தாள். மைத்துனன் போர்வையை விலக்கி எழுந்தான்.

"விளையாடாதீங்க அத்தான். பல்லு கூசுது."

"ஏன்டா?"

"அந்தப் பெட்டி கத்துதே! கீச்சுன்னு. தெருவுக்கே கேக்கும் போல."

அவர் தரையில் மண்டியிட்டுப் பெட்டியில் காதை வைத்தார். இரும்பின் குளிர்ச்சி தெரிந்தது. வேறொன்றும் தெரியவில்லை.

"கழட்டு" என்றார். மனைவியின் நெற்றிச் சுருக்கம் தளர்ந்தது.

"மாட்டு." அவள் முகம் சுளித்தாள்.

மீண்டும் கழற்றச் சொன்னார். மீண்டும் மாட்டச் சொன்னார். தம் செவிக்கு எட்டாத அவ்வொலி தொடங்குவதையும் ஓய்வதையும் அவள் முகத்தில் பார்த்துத் தெரிந்துகொண்டார். அதற்குள் அவளுக்கும் விளங்கிவிட்டது. முகத்தை அசையாமல் வைத்திருக்க முயன்றாள், இயலவில்லை.

"போதும்டா, கழட்டு" என்றாள் தம்பியிடம். பிறகு கணவரின் அருகில் தரையில் அமர்ந்தாள். "சளி காத அடைச்சிருக்கும்ங்க. டாக்டர்கிட்ட காட்டினா சரியாயிடும்."

"காட்டலாம்."

அவர் குரலில் சினமோ வியப்போ இல்லை. தம் காதுக்கு எட்டாத உச்ச ஒலிகளை அவரே மெல்ல மெல்ல ஏற்றி அனுப்பிய அந்தப் பாடல்கள் இப்போது யார் யார் வீட்டிலோ ஒலித்துக்கொண்டிருந்தன. அவற்றைத் திரும்பப் பெற வழியில்லை. பாடகியிடம் சொன்ன சொல்லையும் திரும்பப் பெற வழியில்லை. இன்னும் எவையெவை தம்மை விட்டுப் போயின என்பதைத் தம் காதைக் கொண்டே அறியவும் வழியில்லை. மருத்துவர் ஏதேனும் எந்திரம் தரக்கூடும். அதைச் செவியில் மாட்டிக்கொண்டு பிறர் குரலுக்குத் தீர்ப்புக் கூற முடியுமா? முடியாது என்பது மற்ற எவரையும் விட அவருக்கு நன்றாகத் தெரியும்.

மைத்துனன் மூன்று வடங்களையும் சுருட்டிப் பையில் வைத்தான்.

"நாளைக்கு அந்தப் புதுப் பாட்ட நான் முடிக்கல" என்றார் பாம்புச்செவி. "வேற ஆள உக்கார வைக்கச் சொல்லி முதலாளிகிட்ட சொல்லப் போறேன்."

"சரிங்க. நாளைக்கு ஒருநாள் ஓய்வெடுங்க. அப்புறம் பாக்கலாம்."

"அப்புறமும் நான் உக்காரல."