பெருவிரல் கட்டு

ஆவுடையம்மாளுக்கு அந்த வண்டியின் மேல் முதலிலிருந்தே நம்பிக்கை இல்லை. ஜப்பான்காரனோடு நடந்த சண்டை முடிந்த மறுவருஷம் மிலிட்டரிக்காரர்கள் ஏலத்தில் தள்ளிவிட்ட ஆம்புலன்ஸ் அது. சங்கரன்கோவில் பஞ்சு வியாபாரி ஒருவர் எடுத்து, வாரம் முழுக்கப் பஞ்சு மூடை ஏற்றினார். யாருக்காவது எலும்பு முறிந்தால் மட்டும் மூடையை இறக்கிவிட்டு ஆளை ஏற்றினார். ஓட்டுகிறவன் தங்கப்பழம். அசாம் பக்கம் பட்டாளத்தில், காயம்பட்டவர்களைத் தூக்கிக் கட்டுப்போடும் வேலை பார்த்துவிட்டு வந்தவன்.

அன்று மாடு பூட்டித் தண்ணீர் இறைக்கும்போது கமலை வடம் அறுந்து, அவள் புருஷன் பெத்துராஜ் கிணற்றுக்குள் விழுந்தான். தொடை எலும்பு இரண்டாகிவிட்டது. தங்கப்பழம் வந்து, முறிந்த காலை மெல்ல இழுத்து நேராக்கி, நல்ல காலோடு சேர்த்துத் துணியால் கட்டினான். கடைசிக் கட்டு பாதத்தில் விழுந்தது. இரண்டு பெருவிரலும் ஒட்டி நின்றன.

அவள் பார்த்தாள். பெருவிரலைச் சேர்த்துக் கட்டுவது யாருக்கு என்று அவளுக்குத் தெரியும்.

வண்டி மேலநீலிதநல்லூர் தாண்டியதும் கட்டுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தாள். அடுத்த பள்ளத்தில் பெத்துராஜ் போட்ட அலறலுக்கு வண்டி நின்றுவிட்டது. தங்கப்பழம் பின்னால் ஓடி வந்தான்.

“யாரு மைனி அவுத்தது?”

“நாந்தான். உசுரோட இருக்கவருக்குப் பொணக்கட்டு கட்டுத? ஆஸ்பத்திரிக்குப் போறியா, சுடுகாட்டுக்குப் போறியாலே?”

“சண்டையில படிச்ச கட்டு மைனி இது. எலும்பு ஆடுச்சுன்னா உள்ளயே ரத்தம் கொட்டி ஆளு போயிருவான். அங்கன எத்தன பேர இப்பிடிக் கட்டி எந்திரிக்க வச்சிருக்கோம்!”

“எந்திரிச்சவன்லாம் இப்ப எங்க?”

தங்கப்பழத்துக்குப் பொய் வராது. “கொணமானதும் திரும்பச் சண்டைக்கு அனுப்பிட்டாக.”

“அப்பிடிச் சொல்லு! இவரையும் அதுக்குத்தான் ஒட்டவைக்கியளாக்கும்?”

“சண்டதான் முடிஞ்சிருச்சே!”

“அடுத்தது வராமலா இருக்கும்?”

தங்கப்பழம் அவிழ்ந்து கிடந்த துணிகளைப் பொறுக்கினான்.

“ஏட்டி, அவனக் கட்ட விடு” என்று பெத்துராஜ் முனகினான். முகம் வெளுத்திருந்தது. அவள் நெற்றியைத் தொட்டாள், சில்லென்றிருந்தது. சந்தேகத்தோடு இப்போது பயமும் சேர்ந்துகொண்டது.

“சரி, கட்டு. எங்கையயும் சேத்துக் கட்டு.”

இரண்டு பெருவிரலுக்கும் நடுவில் கையை நுழைத்தாள். பிணத்துக்கு யாரும் அப்படிக் கட்டுவதில்லை. தங்கப்பழம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, கால்களை மறுபடி கட்டி, கடைசியில் மூன்றையும் சேர்த்துக் கட்டினான்.

ஜில்லா ஆஸ்பத்திரியில் டாக்டர் வண்டிக்குள் எட்டிப் பார்த்தார். வழியெல்லாம் குனிந்தே வந்ததில் அவளுக்கு முதுகு நிமிரவில்லை.

“கைய எடும்மா.”

“மூச்சு இருக்கான்னு மொதல்ல பாரும்.”

அவர் நாடி பிடித்தார். “இருக்கு.”

அவள் எடுக்கவில்லை. டாக்டர் சொன்னால் ஆயிற்றா? பெத்துராஜின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஏட்டி சண்டாளி, கைய எடுட்டி! வலி உசுரு போகுது!” என்று அவன் கத்தினான்.

பிறகுதான் அவள் கட்டை அவிழ்க்க விட்டாள்.