எல்லாப் பக்கமும் கிழக்கு

நான் முப்பத்தோரு வருஷமாக இந்த ஊரில் வண்டி ஓட்டுகிறவன். முதலில் லாரி, இப்போது பள்ளிப் பேருந்து. தீவின் ஒரு கோடி துவாஸிலிருந்து மறுகோடி சாங்கி வரை எந்தச் சாலையில் எந்த நேரம் நெரிசல் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஆனால் கிழக்கு எது என்று கேட்டால் முழிப்பேன். சாலைக்குப் பெயர் இருக்கிறது, எக்ஸிட்டுக்கு நம்பர் இருக்கிறது, திசை எதற்கு என்று இருந்துவிட்டேன். அப்படிப்பட்டவனைத்தான் என் மனைவி சரசு போன டிசம்பரில் படுத்தி எடுத்துவிட்டாள்.

பூன் லேயில் எங்கள் ப்ளாக் பழசு. லிஃப்ட் ஒன்றாவது, ஐந்தாவது, ஒன்பதாவது மாடிகளில் மட்டும் நிற்கும். எங்கள் வீடு ஏழில். ஐந்தில் இறங்கி இரண்டு மாடி ஏறலாம், அல்லது ஒன்பதில் இறங்கி இரண்டு மாடி இறங்கலாம். சரசுவின் முட்டிக்கு இரண்டும் ஒன்றுதான். மார்க்கெட்டுக்குப் போய் வந்தால் படியில் மூன்று இடத்தில் நிற்பாள். நான் பார்க்கிறேன் என்று தெரிந்தால் பையைச் சரிசெய்வது போல் பாவனை வேறு. டாக்டர் படியே கூடாது என்று சொன்ன பிறகு, வாசலில் லிஃப்ட் நிற்கும் வீடாகப் பார்த்துப் போய்விடலாம் என்று முடிவு செய்தோம்.

அப்போது அவள் ஒரு நிபந்தனை வைத்தாள்.

"இந்த வீட்ட நீங்க பாத்தீங்க, நீங்க கையெழுத்து போட்டீங்க. நான் பெட்டியத் தூக்கிட்டு வந்தேன். இருபத்தாறு வருஷம் ஓடிப்போச்சு. அடுத்த வீட்டுக்கு நான் ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். வாசல் கிழக்க பாத்து இருக்கணும்."

"வாஸ்துவா? உனக்கு எப்பலேருந்து இதெல்லாம்?"

"எப்பலேருந்தோ. முடியுமா முடியாதா?"

முடியும் என்றேன். சொன்னபோது அது அவ்வளவு பெரிய வேலை என்று எனக்குத் தெரியாது. ஏழு வீடு பார்த்தோம். ஒவ்வொரு வாசலிலும் சரசு போனில் காம்பஸைத் திறந்து கோவில் தீபம் போல் இரண்டு கையாலும் பிடிப்பாள். தெற்கு. வடமேற்கு. மறுபடி தெற்கு. ஏஜெண்ட் பெண் பல்லைக் கடித்துக்கொண்டு சிரிப்பாள். நானும் பல்லைக் கடிப்பேன், சிரிக்க மாட்டேன்.

இதற்கு நடுவில் அவளுடைய பிறந்தநாள் வந்தது. லிட்டில் இந்தியாவில் ஜலாலுதீன் பாய் கடையில் அவள் போனுக்கு ஒரு கவர் வாங்கிக் கொடுத்தேன். கத்தரிப்பூ நிறம். முதுகில் வட்டமாக ஒரு காந்தம், மூடியில் இன்னொரு காந்தம். சரசு அதை ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டினாள், எடுத்தாள், திரும்ப ஒட்டினாள், சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தாள். நான் வாங்கிக் கொடுத்த ஒன்று அவளுக்கு உடனே பிடித்தது அதுதான் முதல் தடவை. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

எட்டாவது வீடு புக்கிட் பாத்தோக்கில் அமைந்தது. ஒன்பதாவது மாடி, லிஃப்டிலிருந்து பத்து எட்டு வைத்தால் வாசல். விற்கிறவர் நஃபீசா அக்கா, பொங்கோலில் மகனோடு இருக்கப் போகிறவர். நாங்கள் போனபோது இருட்டிவிட்டது. சரசு வாசலில் நின்று போனை நீட்டினாள். கிழக்கு! அப்படியே என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஏஜெண்ட் பெண் நிஜமாகவே சிரித்தாள்.

அன்றைக்கே நஃபீசா அக்கா ஆப்ஷன் எழுதிக் கொடுத்தார். அதாவது இருபத்தொரு நாள் அந்த வீடு எங்களுக்காகக் காத்திருக்கும். கடைசி நாள் நாலு மணிக்குள் கையெழுத்துப் போடாவிட்டால் போச்சு. வீட்டை வாங்க அவரிடம் இன்னொரு ஆள் தயாராக இருந்தார்.

பத்தொன்பதாவது நாள் சாயங்காலம் சரசு சமையலறையிலிருந்து கூப்பிட்டாள். குரலே சரியில்லை. மழை மாதத்தில் அன்றைக்கு அதிசயமாக வெயில் வந்திருந்தது. ஜன்னலுக்கு வெளியே சூரியன் செக்கச்செவேல் என்று இறங்கிக்கொண்டிருந்தது. அவள் போனை அதற்கு நேராகப் பிடித்திருந்தாள்.

"பாருங்க. என்னன்னு போட்டிருக்கு?"

கிழக்கு என்று போட்டிருந்தது.

போனை வாங்கி ஹால் பக்கம் திருப்பினேன். கிழக்கு. படுக்கையறைப் பக்கம், கிழக்கு. கழிவறையைக் காட்டினேன், அதுவும் கிழக்கு. நான் நின்ற இடத்திலேயே ஒரு சுற்று சுற்றி வந்தேன். முள் என்னோடு சேர்ந்தே சுற்றியது, கிழக்கை விட்டு அசையவில்லை. கவரைக் கழற்றினேன். முள் பதறிப்போய் ஆடி, சூரியனைக் காட்டி மேற்கு என்றது. திரும்ப மாட்டினேன். கிழக்கு.

சரசு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். "அப்ப அந்த வீடு?" என்றாள். அந்தக் கவரை வாங்கிக் கொடுத்தவன் நான்தானே.

மறுநாள் மழையில் ஜலாலுதீன் பாய் கடைக்கு ஓடினேன். பள்ளி விடுமுறை என்பதால் எனக்கு ஓட்டம் இல்லை. கவரை மேஜையில் வைத்துவிட்டு, காந்தம் போனைக் கெடுக்குமா கெடுக்காதா என்று கேட்டேன். கொஞ்சம் சத்தமாகவே கேட்டிருப்பேன். பக்கத்தில் சிம் கார்டு வாங்கிக்கொண்டிருந்தவர் நகர்ந்து நின்றார்.

"அண்ணே, கோவப்படாதீங்க லா. போன் கெடாது. மெமரி அழியாது, ஸ்கிரீன் போகாது. காம்பஸ் சென்சார் மட்டும் பக்கத்துல காந்தம் இருந்தா கொழம்பும். அதுவே சின்னக் காந்தத்த வச்சுத்தானே திசையக் கண்டுபிடிக்குது? கழட்டிட்டா தெளிஞ்சுரும்."

"அப்ப கவர் நல்லதா கெட்டதா?"

"நல்லதுதான்ணே. சில போன்ல கேமரா போகஸ் லேசா ஆடும்னு சொல்றாங்க. மத்தபடி ஒண்ணுமில்ல."

இரண்டு கடை தள்ளி இன்னொரு கடைக்காரர், சென்சார் மொத்தமாகப் போய்விட்டது, போனையே மாற்றுங்கள் என்றார். மகள் நிவேதிதாவுக்குப் போன் அடித்தேன். "அப்பா, மேப்ல பாருங்க, சிம்பிள்" என்றாள். பார்த்தேன். அந்த ப்ளாக் 7 என்ற எண் போல் வளைந்திருந்தது, இரண்டு பக்கமும் வீடுகள், எது நஃபீசா அக்கா வாசல் என்று மேப்புக்கும் தெரியவில்லை. போனைக் காற்றில் எட்டு போட்டு ஆட்டினால் சரியாகும் என்றும் மகள் சொன்னாள். பஃபலோ ரோட்டில் குடையோடு நின்று எட்டு எட்டாக ஆட்டினேன். ஒரு டாக்சி நின்றுவிட்டது.

கடைசி நாள் காலையில் புக்கிட் பாத்தோக் போனோம். வழியெல்லாம் மழை, வானம் அழுக்குத் துணி போல் இருந்தது, சூரியன் எந்தப் பக்கம் என்று தெரியவே இல்லை. கவரைக் கழற்றி என் பையில் போட்டுக்கொண்டு, வெறும் போனை நஃபீசா அக்கா வாசலில் நீட்டினோம். தெற்கு. இரண்டு எட்டு பின்னால் வந்தோம். தென்மேற்கு. லிஃப்ட் பக்கத்தில் நின்றால் வடக்கு. இரும்புக் கேட் இழுக்கிறதா, சுவரில் இருக்கும் கம்பி இழுக்கிறதா, இல்லை அந்த இரண்டாவது கடைக்காரர் சொன்னது போல் போனே போய்விட்டதா? ஒன்றும் புரியவில்லை. என் வாழ்நாளில் ஒரு வாசலுக்கு முன்னால் இவ்வளவு நேரம் நின்றதில்லை.

"உள்ள வாங்களேன், நனைஞ்சு போயிருக்கீங்க" என்று நஃபீசா அக்கா கதவைத் திறந்தார். ஹாலில் பாதிச் சாமான் பெட்டிகளில் இருந்தது. சூடாகத் தேத்தண்ணி கொடுத்தார். சரசு மறைக்கவில்லை. கவர், காந்தம், கழிவறைக் கிழக்கு, எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

நஃபீசா அக்கா தன் கோப்பையைக் கீழே வைத்தார். அவர் ஒரு பொய் சொன்னால் போதும், வீடு விற்றுவிடும். எனக்கு அது தோன்றியது, அவருக்கும் தோன்றியிருக்கும்.

"இதுக்கு ஏன் தங்கச்சி போனு?" என்றார். எழுந்து போய்ச் சோபாவுக்கு முன்னால் கிடந்த விரிப்பை நகர்த்தினார். தரையில் ஒரு பச்சை டேப் ஒட்டியிருந்தது. வாசலைப் பார்த்து, வலது பக்கம் சற்றே சாய்ந்து கிடந்தது. "வீடு வந்த அன்னிக்கு பள்ளிவாசல் ஹஜ்ரத் வந்து குறிச்சுக் கொடுத்தாரு. முப்பது வருஷமா இங்கதான் தொழுவுறேன். இந்த ஊருலேருந்து கிப்லா, நாங்க தொழுவுற தெச, மேற்கு, கொஞ்சம் வடக்கே சாஞ்சு. கிழக்குன்னு சொல்ல எனக்கும் ஆசதான். ஆனா உங்க வாசல் மேற்கு."

அவ்வளவுதான். மூன்று நாளாக நான் தலையைப் பிய்த்துக்கொண்டது ஒரு டேப் துண்டில் முடிந்துபோனது.

சுவரில் மணி பதினொன்றே கால். எனக்கு அழுகை வந்தது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். இருபத்தாறு வருஷத்தில் அவள் கேட்டது ஒன்றே ஒன்று. அதையும் ஒரு கத்தரிப்பூக் கவரால் கெடுத்து வைத்திருக்கிறேன்.

"விட்டுரு சரசு," என்றேன். "ஒம்பதாவது வீடு பாப்போம். பத்தாவதும் பாப்போம். கிழக்க பாத்த வாசல் கெடைக்கிற வரைக்கும் நான் அலையுறேன்."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனாள். லிஃப்ட் வரும் சத்தம் கேட்டது, போகும் சத்தம் கேட்டது. கோபித்துக்கொண்டு பேருந்து நிறுத்தத்துக்கே போய்விட்டாள் என்று நினைத்தேன். நஃபீசா அக்காவும் நானும் பச்சை டேப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். ஐந்து நிமிஷம் கழித்து லிஃப்ட் திரும்ப வந்தது. சரசு நேராக உள்ளே வந்தாள். மூச்சு வாங்கவில்லை, முட்டியைப் பிடிக்கவில்லை.

"கீழ போயி பால் பாக்கெட் வாங்கிட்டு வந்தேன்," என்றாள். "ஒரு எடத்துலயும் நிக்கல."

பால் பாக்கெட்டை மேஜையில் வைத்தாள். "அக்கா, முப்பது வருஷம் இந்த வாசலப் பாத்தா தொழுதீங்க?"

"வாசல இல்ல தங்கச்சி. அதுக்கு அந்தாண்ட இருக்குறத."

சரசு தலையாட்டினாள். என்னிடம் கை நீட்டி, "அந்தக் கவரக் குடுங்க" என்றாள். பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். மாட்டி, போனை வாசலுக்கு நேராக நீட்டினாள். கிழக்கு. நஃபீசா அக்காவிடம் காட்டினாள், இருவரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை.

"எங்க கையெழுத்துப் போடணும்?" என்றாள்.

போட்டோம். முதலில் அவள் போட்டாள். அவள் போடும் வரை நான் பேனாவைத் தொடவில்லை.

இறங்கும்போது லிஃப்டில் நாங்கள் இருவர் மட்டும்தான். எனக்குப் பொறுக்கவில்லை. "மேற்குன்னு தெரிஞ்சும் போட்டுட்ட. அப்ப எதுக்குடி என்னைய எட்டு வீடு அலைய வச்ச? கிழக்கு கிழக்குன்னு உசுர எடுத்த?"

சரசு கவரின் மூடியைத் திறந்தாள், மூடினாள். காந்தம் டக்கென்று ஒட்டியது.

"நான் ஒண்ணு கேட்டா நீங்க அலைவீங்களான்னு எனக்குத் தெரியணும்ல," என்றாள். "அலைஞ்சீங்க. இன்னும் அலையுறேன்னு வேற சொன்னீங்க."

லிஃப்ட் தரையில் நின்றது. மழை விட்டிருந்தது. எந்தப் பக்கம் பேருந்து நிறுத்தம் என்று இந்த ஊரில் முப்பத்தோரு வருஷம் வண்டி ஓட்டிய எனக்கு ஒரு கணம் தெரியவில்லை. அவள் பின்னாலேயே நடந்தேன்.